பொருத்தம் பார்த்த பெட்டி

கம்ப்யூட்டர் கண்காட்சிக்குப் போகிற பெண்ணுக்கு யாராவது பட்டுப் புடவை கட்டிவிடுவார்களா? அன்றைக்கு எங்கள் வீட்டில் கட்டிவிட்டார்கள். இதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. அத்தைக்கு இருபத்திரண்டு. அவளுக்கும் தோன்றவில்லை என்றுதான் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள்.

அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம். கொல்லையும் கிணறும் அங்கே. அப்பா திருவண்ணாமலைக்கு வந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்தபோது தங்கையையும் கூட்டிவந்து கல்லூரியில் சேர்த்துவிட்டார். அவள் கணிதம் படித்து நல்ல மார்க்கோடு தேறினாள். அதோடு படிப்பு முடிந்தது என்று அப்பா நினைத்தார். இப்போதுதான் ஆரம்பிக்கிறது என்று அத்தை நினைத்தாள். இருவரும் ஒரே வீட்டில், ஒரே பானைச் சோற்றைத் தின்றுகொண்டு, வேறு வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெண் பார்ப்பதில் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. முறையாகத் தட்டு வைத்து வீட்டுக்கு வருவதற்கு முன்னால், பிள்ளை வீட்டார் பெண்ணுக்குத் தெரியாமல் அவளை ஒரு தடவை கோயிலில் பார்த்துவிடுவார்கள். பிடித்தால் மேற்கொண்டு பேச்சு. பிடிக்காவிட்டால் சாமி கும்பிட வந்தோம், கும்பிட்டோம், போனோம் என்று ஆகிவிடும். இரண்டு பக்கத்திலும் யாருக்கும் மனக்குறை இருக்காது. அவ்வளவு பெரிய கோயில் இருக்கிற ஊரில் இந்த வேலை சுலபமாகத்தான் நடந்துவந்தது.

அத்தையை இப்படி இரண்டு முறை காட்டியிருந்தார்கள். முதல் முறை வந்தவர்கள் பெண் உயரம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாம் முறை அத்தைக்கு எப்படியோ மூக்கில் வேர்த்துவிட்டது. பிள்ளை வீட்டார் நந்திக்குப் பக்கத்தில் காத்திருக்க, அவள் அம்மன் சந்நிதியில் கண்ணை மூடி உட்கார்ந்தவள் நடை சாத்துகிற வரைக்கும் திறக்கவில்லை. இத்தனை பக்தியுள்ள பெண் குடும்பத்துக்குச் சரிப்பட்டு வராது என்று அவர்கள் சொல்லியனுப்பினார்கள். அதற்குப் பிறகு, அம்மா தலை வாரிக்கொண்டே கோயிலுக்கு வருகிறாயா என்று கேட்டால் போதும், அத்தைக்குத் தலைவலி வந்துவிடும்.

ஆகவே அப்பாவுக்கு வேறு இடம் ஒன்று தேவைப்பட்டது. அத்தை தானாகப் போகிற இடம், சந்தேகப்படாத இடம், போனால் நீண்ட நேரம் இருக்கிற இடம். அப்படி ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுதான் சங்கம்.

சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கல்லூரியில் அத்தைக்குப் பௌதிகம் எடுத்த பேராசிரியருக்குச் சிங்கப்பூரிலிருந்து அவர் மைத்துனர் ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் அனுப்பியிருந்தார். கறுப்பாக, ஒரு பெரிய டிபன் டப்பாவின் மூடி அளவு இருக்கும். மேலே ரப்பர் பொத்தான்கள். அதை டிவியில் மாட்ட வேண்டும். அதற்கான புரோகிராம்கள் பாட்டுக் கேசட்டில்தான் இருக்கும். டேப் ரெக்கார்டரில் போட்டால் பூனையை வாளியில் அடைத்த மாதிரி ஒரு சத்தம் கொஞ்ச நேரம் வரும், பிறகு டிவியில் எழுத்து வரும். இந்தப் பெட்டியைச் சுற்றி ஞாயிற்றுக்கிழமை தோறும் பேராசிரியர் வீட்டுக் கூடத்தில் நாலு பேர் கூடினார்கள். பேராசிரியர், தேரடி வீதியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர், மின்வாரியத்தில் வேலை செய்த ஒருவர், அத்தை. பேராசிரியர் இதற்கு 'இல்லக் கணிப்பொறி உபயோகிப்போர் சங்கம்' என்று பெயர் வைத்து ரப்பர் முத்திரையும் செய்துவிட்டார். அவருடைய மனைவி எங்கள் அம்மாவுக்குச் சிநேகிதி என்பதால் அத்தை போய்வர அனுமதி இருந்தது. துணைக்கு நான் போவேன். எனக்கு அங்கே கிடைத்த முறுக்கைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

அந்தப் பேராசிரியர்தான் சென்னையில் ஒரு வருடக் கம்ப்யூட்டர் படிப்புக்கு அத்தையை விண்ணப்பிக்க வைத்தவர். இடமும் கிடைத்துவிட்டது. பொங்கல் கழிந்ததும் சேர வேண்டும். அப்பா ஒரேயடியாக மறுக்கவும் இல்லை. "மொதல்ல கல்யாணம் ஆவட்டும். அப்புறம் அவங்க வூட்ல படிக்க வெச்சா தாராளமா படிக்கட்டும், நானா வேணாங்கிறேன்" என்றார். இதைவிடப் பக்குவமாக ஒரு கதவைச் சாத்த முடியாது. தன் அக்காக்கள் மூவருக்கும் இதே வாக்கியம் சொல்லப்பட்டதை அத்தை கேட்டிருக்கிறாள். மூவரும் இப்போது நெல் அவித்துக்கொண்டிருந்தார்கள்.

மார்கழிக்கு முன்னால் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு கண்காட்சி போட்டார்கள். முக்கால்வாசி குக்கர், தையல் மிஷின், கிரைண்டர் கடைகள். ஒரு கூடத்தை மட்டும் கம்ப்யூட்டருக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். வேலூரிலிருந்து இரண்டு கம்பெனிகள் வந்து ஆளுயர இயந்திரங்களை வைத்துக்கொண்டு டை கட்டி நின்றன. சங்கத்துக்கும் ஒரு மேஜை கிடைத்தது. வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வரப்போகிற காலம் இது என்று ஊருக்கு எடுத்துச் சொல்வதுதான் நோக்கம். ஆனால் ஊர் எதற்காக அந்த மேஜைப் பக்கம் வரும் என்று கூட்டத்தில் கேள்வி எழுந்தது. பேராசிரியர் பகா எண்களைக் கண்டுபிடித்துக் காட்டலாம் என்றார். ரேடியோக் கடைக்காரர் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, "சார், நம்ம ஜனத்துக்கு ஜாதகப் பொருத்தம் பாத்துக் குடுத்தா கியூவுல நிப்பாங்க சார்" என்றார்.

பேராசிரியர் துடித்துப்போனார். பௌதிகம் சொல்லிக்கொடுத்த வாயால் பஞ்சாங்கம் படிப்பதா என்று கேட்டார். அத்தைதான் அவரைச் சமாதானம் செய்தாள். பொருத்தம் என்பது முழுக்க அட்டவணைதான், நம்பிக்கை இருக்கிறவர் நம்பட்டும், நமக்கு அது கூட்டல் கழித்தல் என்றாள். எங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்தை எடுத்துப்போய், எந்த நட்சத்திரத்துக்கு எது ஆகும், எது ஆகாது என்பதையெல்லாம் புரோகிராமாக எழுதிவிட்டாள். பெட்டிக்கு நினைவு கம்மி. நட்சத்திரப் பெயர்களைப் போட இடம் இல்லை. அதனால் அசுவினிக்கு ஒன்று, பரணிக்கு இரண்டு என்று எண்தான் கொடுக்க வேண்டும். இருபத்தேழையும் வரிசையாக ஒரு சார்ட்டில் எழுதி மேஜைக்குப் பின்னால் மாட்டினார்கள். அதைப் பார்க்காமலே எண் சொல்ல எனக்கு வரும். சுவாதி என்று யாராவது வாயைத் திறந்தால் பதினைந்து என்று நான் கத்திவிடுவேன். பள்ளியில் வாய்ப்பாட்டில் இந்த வேகம் இல்லை என்று அம்மா வருத்தப்பட்டாள்.

கண்காட்சி ஆரம்பித்ததும் ரேடியோக் கடைக்காரர் சொன்னதுதான் நடந்தது. டை கட்டியவர்கள் ஈ ஓட்டிக்கொண்டிருக்க, எங்கள் மேஜைக்கு முன்னால் கூட்டம். கையில் மஞ்சள் தடவிய ஜாதகத்தோடு பெண்ணைப் பெற்றவர்கள் வந்தார்கள். வரன் தகையாத பெண்களின் தாய்மார் வேண்டிக்கொண்டு விபூதி எடுத்துவந்து பெட்டிக்கு வைக்கப் பார்த்தார்கள். பேராசிரியர் கையைக் குறுக்கே நீட்டித் தடுத்தார். ஒவ்வொருவருக்கும் முடிவைச் சொல்லிவிட்டு, இது எந்திரம் மட்டுமே, நாம் கொடுத்ததைத்தான் திருப்பிக் கொடுக்கும் என்று அவர் விளக்குவார். அந்தப் பகுதியை யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி. ஆரணியிலிருந்து ஒரு குடும்பம் மலை சுற்ற வந்திருந்தது. அதாவது அப்படித்தான் அத்தைக்குத் தெரிய வேண்டும். அவர்களுடைய ஜோசியரும் எங்கள் ஜோசியரும் ஏற்கெனவே ஜாதகத்தைப் பார்த்து எட்டுப் பொருத்தம், திவ்வியமான இடம் என்று சொல்லியாகிவிட்டது. பெண்ணை ஒரு கண் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. தை பிறந்ததும் முகூர்த்தம் என்று அப்பா மனதுக்குள் பந்தலே போட்டுவிட்டார். கடைசி நாள், பெரிய மனிதர்கள் வருவார்கள் என்று சொல்லி அம்மா அத்தைக்கு அந்த அரக்குப் பட்டைக் கட்டிவிட்டாள். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். எங்கள் வீட்டில் அதில் பாதியை அன்று காலையிலேயே சொல்லி முடித்திருந்தார்கள்.

சாயங்காலம் அவர்கள் வந்தார்கள். ஓர் அம்மா, அவர் கணவர், ஒரு பிள்ளை. பிள்ளை என்றால் வளர்ந்த பிள்ளை. மீசையும் கண்ணாடியும் வைத்தவர். கணவர் ஒதுங்கி நின்றார். அந்த அம்மா பெட்டியைப் பார்க்காமல் அத்தையைப் பார்த்தார். இது சோறு ஆக்குமா என்று சிரித்தபடி கேட்டார். பெயர், படிப்பு, கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று விசாரித்தார். பிறகு தாகமாக இருப்பதாகச் சொன்னார். பக்கத்திலேயே நான் நிற்க, தண்ணீர்ப் பானை அந்தக் கோடியில் இருக்க, "நீ போய் எடுத்தாம்மா" என்று அத்தையை அனுப்பினார். அத்தை நடந்து போவதையும் டம்ளரோடு நடந்து வருவதையும் கண் எடுக்காமல் பார்த்தவர், தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு மீதியை என்னிடம் கொடுத்தார்.

அந்தப் பிள்ளைக்கு இதிலெல்லாம் கவனம் இல்லை. அவர் பெட்டியையே சுற்றிச் சுற்றி வந்தார். பெயரைப் போடாமல் எண்ணை மட்டும் ஏன் கேட்கிறது என்று விசாரித்தார். அத்தை நினைவுப் பற்றாக்குறையை விளக்கினாள். அட்டவணையை வேறு மாதிரி அடைத்தால் இடம் மிஞ்சுமே என்றார் அவர். செய்து பார்த்தேன், வேகம் குறைகிறது என்றாள் அத்தை. பேராசிரியருக்குப் பெருமை தாங்கவில்லை. இந்தப் பெண் சென்னையில் படிக்க இடம் வாங்கியிருக்கிறது, வீட்டில்தான் இன்னும் மனசு வைக்கவில்லை என்று கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார். அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணாடிக்காரர் சார்ட்டில் இருந்த எண்களை மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்த அம்மாவுக்குப் பெட்டியைச் சோதிக்க ஆசை வந்தது. தெரிந்த விடையைக் கேட்டுச் சரிபார்ப்பதில் நம்மவர்களுக்கு ஒரு சந்தோஷம்.

"ஒரு பொருத்தம் பாத்துச் சொல்லும்மா. பொண்ணு புனர்பூசம். பையன் சுவாதி."

"ஏழு, பதினஞ்சு" என்றேன் நான், உடனே.

அத்தையின் நட்சத்திரமும் புனர்பூசம். எனக்கு அது ஒரு வேடிக்கையாக மட்டும் பட்டது. அத்தையின் விரல் பொத்தான்களுக்கு மேலே நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே குக்கர் கடையில் அம்மா, எங்கள் வீட்டில் இருக்கிற அதே குக்கரை முன்பின் கண்டிராதவள் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மண்டியை விட்டு ஞாயிற்றுக்கிழமைகூட நகராத அப்பா தையல் மிஷின் கடையில் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். அத்தை குனிந்து தன் பட்டுப் புடவையைப் பார்த்தாள். பிறகு எண்களை அழுத்தினாள்.

டிவியில் மேல் வரியில் 6, 15 என்று விழுந்தது. ஆறு என்றால் திருவாதிரை. ஏழும் ஆறும் பெட்டியில் பக்கத்துப் பக்கத்துப் பொத்தான்கள். நான் வாயைத் திறப்பதற்குள் கீழே மற்ற வரிகள் ஓட ஆரம்பித்துவிட்டன. ரஜ்ஜு என்ற இடத்தில் இல்லை என்று ஆங்கிலத்தில் வந்து நின்றது. மற்ற ஒன்பதும் இருந்தாலும் ரஜ்ஜு இல்லாவிட்டால் எங்கள் பக்கத்தில் மேற்கொண்டு பேச மாட்டார்கள். அது தாலிக்கு ஆகாது என்று கணக்கு. சுற்றி நின்றவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். இரண்டு மூன்று பேர் உச்சுக் கொட்டினார்கள்.

அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "இன்னாம்மா இது, ரஜ்ஜு தட்டுதுங்குது? எங்க ஜோசியரு நல்லாருக்குன்னு சொன்னாரே. இன்னொரு தபா போட்டுப் பாரும்மா" என்றார்.

அத்தை அந்த அம்மாவைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்காரரை நேராகப் பார்த்தாள். கண்காட்சிக்கு வந்த யாரையும் அவள் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. அவர் டிவியின் மேல் வரியைப் பார்த்தார். திரும்பிச் சார்ட்டைப் பார்த்தார். மறுபடி டிவியைப் பார்த்துவிட்டு, பிறகு அத்தையைப் பார்த்தார். நான் பொறுக்க முடியாமல் அவர் சட்டையை இழுத்து, சார், அங்கே ஆறு என்று இருக்கிறது என்றேன், மெதுவாகத்தான்.

"ஆமா பாப்பா. சரியாத்தான் இருக்கு" என்றார் என்னிடம். தன் அம்மாவிடம், "இன்னொரு தபா வேணாம்மா. எத்தன தபா போட்டாலும் இதேதான் வரும். மெஷினு யாருக்காகவும் மாத்திச் சொல்லாது" என்றார். கிளம்பும்போது அத்தைக்கு ஒரு கும்பிடு போட்டார். நல்லா படிங்க என்றும் சொன்னார்.

வெண்ணெய் திரள்கிற நேரத்தில் தாழி உடைந்தது. மறு வாரம் ஆரணியிலிருந்து ஆள் வந்தது. பெண் லட்சணமாக இருக்கிறாள், நடை அடக்கமாக இருக்கிறது, எல்லாம் பிடித்திருக்கிறது, ஆனால் மனதில் ஒரு சங்கடம் விழுந்துவிட்டது, பையனும் வேண்டாம் என்கிறான் என்றார்கள். அப்பா எங்கள் ஜோசியரிடம் போய்ச் சண்டை பிடித்தார். ஜோசியர் நூறு வருடப் பஞ்சாங்கத்தைப் புரட்டிக்காட்டிச் சத்தியம் செய்தார். சிங்கப்பூர்ப் பெட்டிக்கு வாக்கிய பஞ்சாங்கம் தெரியுமா என்று கேட்டார். அப்பாவுக்கு எந்தப் பக்கம் சாய்வது என்று புரியவில்லை. அந்தப் பெட்டிக்குப் பொருத்தம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவளே தன் தங்கைதான் என்கிற பெருமை வேறு உள்ளுக்குள் அவரைக் குழப்பியது. கடைசியில் அவளுக்கு இந்த வருடம் நேரம் சரியில்லை, நேரம் சரியாகிற வரைக்கும் சும்மா இருக்கிறதற்குப் படிக்கட்டுமே என்ற முடிவுக்கு வந்தார். அதை அவரே கண்டுபிடித்ததாக இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கண்காட்சி முடிந்த மறுநாள் காலையில் நான் அத்தையிடம் விஷயத்தைச் சொன்னேன். நீ ஏழுக்குப் பதிலாக ஆறை அழுத்திவிட்டாய், அந்த அம்மா பாவம், விலாசம் கேட்டு ஒரு கார்டு எழுதிப் போடலாம் என்றேன். அத்தை தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். துண்டுக்குள் முகம் இருந்தது. தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து, பரவாயில்லை அத்தை, எல்லோருக்கும் கை தவறும், எனக்கும் பரீட்சையில் தவறியிருக்கிறது என்று நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

பொங்கல் கழிந்து அத்தையை ஹாஸ்டலில் விடப் போளூர், ஆரணி வழியாகச் சென்னை போகிற பஸ்ஸில் மூவரும் கிளம்பினோம். அப்பா முன்சீட்டில் டிரங்குப் பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தையும் நானும் பின்னால். அத்தை ஜன்னலோரம். ஊர் தாண்டியதிலிருந்து அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்தது, போகவே இல்லை. போளூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் புதிதாக ஒரு பாலம் வந்தது. வெள்ளையடித்த கைப்பிடிச் சுவர் இன்னும் அழுக்காகவில்லை. அப்பா திரும்பி, அத்தைக்குக் கேட்காது என்று நினைத்தாரோ என்னவோ, என்னிடம் குரலைத் தாழ்த்தி, "இது அந்த ஆரணிப் பையன் நின்னு கட்டின பாலம். கவர்மெண்டு இன்ஜினீயரு. எப்பேர்ப்பட்ட எடம், கைநழுவிப் போச்சு" என்று பெருமூச்சு விட்டார்.

பஸ் பாலத்தின் மேல் ஏறவும் நான் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கீழே ஆற்றில் தண்ணீர் கூட இல்லை, வெறும் மணலும் பாறையும். அத்தை என்னடி என்றாள். அந்த ஆளுக்கு ஆறுக்கும் ஏழுக்கும் வித்தியாசம் தெரியாது, கண்ணெதிரே தப்பாக இருந்ததைச் சரியாக இருக்கிறது என்று சொன்னவர், அவர் கட்டின பாலத்தில் போகிறோம் என்று அவள் காதில் சொன்னேன்.

அத்தை வெளியே எட்டி அந்தப் புதுக் கைப்பிடிச் சுவரை, அது முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"இது நிக்கும்டி. நல்லா நிக்கும்" என்றாள்.

ஒரு கணக்கில்கூட ஆளை நம்பாமல் தானே ஒரு முறை போட்டுப் பார்க்கிற அத்தை, எதை வைத்து அவ்வளவு உறுதியாகச் சொன்னாள் என்று எனக்கு விளங்கவில்லை. பாலம் முடிந்து பஸ் மண்ணில் இறங்குகிற வரைக்கும் நான் கம்பியை விடவில்லை.